குகநேசன் அங்கிளை அனுப்பிவைத்த ஞாயிறு

“என்ரை சப்பாத்தை ஆரோ போட்டுக்கொண்டு போட்டினம். சரி, போகட்டும். ஆனா ஏன் எப்பவும் என்ரையை?”

முன்பெல்லாம் குகநேசன் அங்கிள் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இருந்ததாக எங்கள் நினைவில் இல்லை. முதல் வசனம் கூட்டத்துக்கு. இரண்டாவது கடவுளுக்கு. மூன்றாவது தனக்கே. அந்த மூன்றாவது வரும்போது குரல் மூக்குக்குள் போய்விடும். வலது காலின் பெருவிரலால் வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார், மீன் சந்தையில் விலை கேட்க மனமில்லாதவர் மாதிரி. எங்கள் இளசுகளில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டத் தெரியாத ஆளே கிடையாது. அபிசன் மூக்கை மட்டும் பிடித்துச் சொல்வான். நான் காலையும் சேர்த்துச் செய்வேன். அதனால் எனக்குத்தான் கைதட்டல் கூட.

ஒஸ்லோவில் வீட்டுக்குள் சபை கூடினால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட வேண்டும். பனிக்காலம் வந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புச் சப்பாத்து, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மலிவு விற்பனை நடந்த அதே சனிக்கிழமை எல்லோரும் போய் வாங்கியது. ஜெபம் முடிந்து கடைசியாக வெளியே வருபவர் அங்கிள்தான், கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டு. அதற்குள் அவருடையது யாருடைய காலிலோ ஏறி மெட்ரோவில் போய்விட்டிருக்கும். மிஞ்சியிருப்பது ஒன்று சின்னதாக இருக்கும், அல்லது இரண்டும் இடது காலாக இருக்கும்.

அவர் இதை வைத்து ஒரு சட்டமே போட்டிருந்தார். சப்பாத்து மாறத் தொடங்கினால் வீடு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். தன் சப்பாத்தைத் தானே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஆட்கள் வந்துவிட்டால், அங்கே ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. தெரியாத இடம் சபை இல்லை, அது மண்டபம். ஆகவே சபையை நடத்த மூப்பரை ஏற்படுத்து, சபையைக் கையில் கொடு, அடுத்த ஊருக்கு வெளிக்கிடு. அப்போஸ்தலர்கள் வீடு வீடாகத்தானே தொடங்கினார்கள், பவுல் எந்த ஊரிலாவது நிரந்தரமாகக் குடியிருந்தாரா என்று கேட்பார். அவருடைய ஆறு சபைகளும் இப்படிச் சப்பாத்துத் தொலைந்து பிறந்தவைதான்.

தொடங்கியது ஒஸ்லோவில் இல்லை. எண்பதுகளின் கடைசியில் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த அவரை வடக்கே கடலோரத்தில் ஒரு மீன் ஆலைக்கு அனுப்பினார்கள். சைவப் பிள்ளை, நெற்றியில் திருநீறோடு வந்தவர். அகதி முகாமில் யாரோ விட்டுப்போன தமிழ் வேதாகமத்தை, தமிழில் வாசிக்க வேறு எதுவும் இல்லாததால் வாசித்தார். அதில் பவுலைச் சந்தித்தார். “இந்த மனிசன் ஒரு இடத்திலையும் ஒழுங்கா இருக்கேல்லை. அடிக்கிறாங்கள், ஓடுறார். மறியல்லை போடுறாங்கள், வெளியிலை வாறார். கப்பல் உடையுது, நீந்துறார். எனக்கு உடனை ஆளைப் பிடிச்சுப் போட்டுது. எங்கடை ஆள்போலை கிடந்துது” என்பார்.

அந்த ஆலையின் சாப்பாட்டு அறையில், கையுறை கழற்றாத நாலு பேரோடு, முதல் சபை. எல்லோர் மேலும் மீன் மணம். “அப்போஸ்தலர்களிலை கனபேர் மீன்பிடிகாரர். அவையளும் இப்பிடித்தான் மணந்திருப்பினம்” என்று அவர் சொன்னாராம். அந்த நாலு பேரில் ஒருவர் எழும்பிப் போய் இரண்டு கதவையும் திறந்து விட்டாராம்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒரு சீக்ஹெய்மில், அதாவது வயது போனவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில், சலவைப் பகுதியில் வேலை. சபையிடமிருந்து சம்பளம் வாங்க மாட்டார். “பவுல் கூடாரம் தைச்சவர். நான் கட்டில் சீலை மடிக்கிறன். ரெண்டும் துணிதானே.” பாஸ்டர் என்று கூப்பிட விட மாட்டார். அதனால் ஊரெல்லாம் அவர் அங்கிள்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த மார்க்கஸ் மட்டும் “பாஸ்டர் ஐயா” என்பான், எத்தனை தரம் சொன்னாலும். அங்கிள் அலுத்துப்போய் விட்டுவிட்டார். “இந்தியாக்காரப் பிள்ளையள் மரியாதையைக் குறைக்கச் சொன்னால் கூட்டிப்போடுவினம்.”

அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்ன பாடம் ஒன்றுதான்: “மூப்பரை வைச்ச உடனை சபையை நட்டவன் வெளிக்கிடவேணும். நிண்டானெண்டால் மூப்பர் மூப்பராகார், நட்டவன் முதலாளியாப் போவான்.” சொன்னபடியே செய்தும் காட்டினார். ஒவ்வொரு முறையும் மூப்பர்கள் மேல் கை வைத்து ஜெபிப்பார், கதிரைகளை மடித்து அடுக்குவார், யாரும் பார்க்காத நேரம் போய்விடுவார். பிரியாவிடை இல்லை, கேக் இல்லை. மாலையில்தான் “அங்கிளைக் கண்டனீங்களே?” என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள்.

அவருடைய மனைவி உதயகுமாரி அன்ரி இதை வேறு விதமாகச் சொல்வார். “இவர் சபை வைக்கிறார், நான் வீடு வைக்கிறன். ஆறு தரம் திரைச்சீலை மாத்தினனான். ஒவ்வொரு ஊரிலையும் எனக்கு ஒரு சிநேகிதி. ஆறுபேரும் இப்ப பேர்த்டேக்கு மெசேச் போடுவினம், ஒரு பூப்படத்தோடை.”

ஸ்ட்ரோம்மன் சபை ஐந்தாவது. அதை மூப்பர் ரவீந்திரன் மாமாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிறு கால்வலியோடு இருந்தவர், இன்றைக்குப் பிரசங்கம் பண்ணாமல் சும்மா போய் இருப்போம் என்று அங்கே போனார். நானும் கூடப் போனேன். பின்வரிசையில் இருந்தோம். பாட்டு முடிந்ததும் ஒரு பிள்ளை ஒலிவாங்கியோடு வந்தாள். அங்கிள் விட்டுப்போன பிறகு வந்த குடும்பத்துப் பிள்ளை.

“இண்டைக்குப் புதுசா வந்திருக்கிறவையள் எழும்பி நில்லுங்கோ. வெட்கப்பட வேண்டாம், என்ன?”

யாரும் எழும்பவில்லை. பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பின்வரிசையைப் பார்த்தாள். “அந்த ஐயா. ஓம், நீங்கள்தான். எங்களோடை முதல் தரமே?”

நான் சிரிக்கத் தயாரானேன். அங்கிள் எழும்பினார். “ஓம் பிள்ளை” என்றார். பெயர் கேட்டதற்குப் பெயர் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ரவீந்திரன் மாமா முன்வரிசையில் திரும்பிப் பார்த்து, முகம் செத்துப்போய், எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பி நின்றார். அங்கிள் கையால் இரும் என்று காட்டினார். புது விருந்தாளி என்று அங்கிளுக்கு ஒரு சின்னப் பை கிடைத்தது. உள்ளே ஒரு சொக்கலேட்டும் ஒரு பேனையும்.

திரும்பி வரும்போது பேருந்தில் சொக்கலேட்டை எனக்குத் தந்தார். “நீ தின். நான் விருந்தாளியா இருந்து களைச்சுப்போனன்” என்றார். அந்தக் குரலை நான் இதுவரை போட்டுக் காட்டியதில்லை. போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

பிறகு யோசித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆறு சபை வைத்த மனிதர் ஒரு சபையிலும் சேர்ந்த விசுவாசி இல்லை. மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், மற்றவர்களைச் சேர்த்தார். தன்னைச் சேர்ப்பதற்கு முன் வெளிக்கிட்டார்.

ஏழாவது சபையை ஒஸ்லோவிலேயே எல்லிங்ஸ்ருட்டில் தம் சொந்த வீட்டிலேயே தொடங்கினார். அப்போது அவருக்குப் பென்சன் கிட்டியிருந்தது, முழங்காலும் போயிருந்தது. அடுக்குமாடிப் புளொக்கின் இரண்டாம் மாடி. முதலில் ஆறாவது சபையிலிருந்து அவரோடு கூட வந்த எங்கள் வீட்டாரும் அபிசன் வீட்டாரும். பிறகு மார்க்கஸும் அவன் அலுவலக நண்பர்களும். பிறகு தாதியாக வேலை செய்யும் சிறிதேவி அக்கா. ஒரு வருடத்துக்குள் படிக்கட்டு முழுக்கச் சப்பாத்து. குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டு தரம் எச்சரிக்கை வந்தது, தீப்பிடித்தால் யாரும் இறங்க முடியாது என்று.

ஆட்களுடைய சப்பாத்துகள் மாறிக்கொண்டே இருந்தன. அபிசன் ஒரு நாள் சிறிதேவி அக்காவுடையதைப் போட்டுக்கொண்டு மெட்ரோ நிலையம் வரை போய், கால் கடித்து, திரும்பி வந்தான். ஆனால் அங்கிளுடையது மட்டும் தொலையவே இல்லை. காரணம் உதயகுமாரி அன்ரி சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

“எப்பிடித் துலையும்? இவர் சனிக்கிழமையே எடுத்துப் படுக்கையறை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுறார்.”

“பொய் சொல்லாதை உதயம்.”

“திறந்து காட்டட்டோ?”

நாங்கள் சிரித்தோம். அபிசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ரை சப்பாத்தை ஒருத்தரும் எடுக்கேல்லை. ஏன் எப்பவும் என்ரையை விட்டுப் போறியள்?” என்றான். அங்கிளும் சிரித்தார். அது கொஞ்சம் பிந்தி வந்த சிரிப்பு.

ஆனாலும் சட்டம் சட்டம். இலையுதிர்காலத்தில் அபிசன், சிறிதேவி அக்கா, மார்க்கஸ் மூவரையும் மூப்பர்களாக ஏற்படுத்தினார். பெண்பிள்ளையை மூப்பராக வைப்பதா என்று முணுமுணுத்தவர்களிடம், பவுலின் காலத்துப் பிரிஸ்கில்லாவின் வீட்டில் சபை கூடியது, சமையல் மட்டுமா நடந்தது என்று ஒரே கேள்வி கேட்டு அடக்கினார். பக்கத்துப் பாடசாலையில் ஞாயிற்றுக்கு ஒரு அறை கேட்டு வைத்தார்கள், வசந்தத்தில் அங்கே மாறுவதென்று. எல்லாம் முறைப்படி. அவர் போகவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

போகவில்லை. “நத்தார் முடியட்டும்” என்றார். நத்தார்ப் பண்டிகை முடிந்தது. “இந்தப் பனி கரையட்டும்” என்றார். பனி கரைந்து, மறுபடி பெய்து, மறுபடி கரைந்தது. உண்மையில் அவர் வேறொன்று சொல்லக் காத்திருந்தார். அன்ரியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: இனி நடுவதில்லை. இங்கேயே இருப்பது. மூப்பர்களிடம் கேட்டு, சாதாரண விசுவாசியாகச் சேர்வது.

“கேளுங்கோவன்” என்றார் அன்ரி.

“எப்பிடிக் கேக்கிறது? நட்டவன் நிக்கக்கூடாது எண்டு அவையளுக்கு நான்தானே படிப்பிச்சனான். மாட்டம் எண்டு சொன்னால்?”

“சொன்னால் மரியாதையா இருக்கும். நீங்கள் சொன்னதைக் கேட்ட முதல் ஆக்கள் அவையள்தான்.”

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிள் ஒரு நாள் பிரசங்கத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வசனம். அந்தியோக்கியாவில் சபையார் உபவாசமிருந்து, பவுல் மேலும் பர்னபா மேலும் கை வைத்து அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்று, “என்னை ஒரு சபையும் கைவைச்சு அனுப்பேல்லை” என்றார். பிறகு தண்ணீர் குடித்தார்.

மூப்பர்கள் மூவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சமையலறைக்குள் கதவைச் சாத்திவிட்டு மோதெ, அதாவது கூட்டம், வைத்தார்கள். நோர்வேயில் பிறந்த எங்களுக்கு எதற்கும் ஒரு மோதெ வேண்டும்.

“அல்த்சோ, அதாவது, அங்கிள் ஏன் போகேல்லை எண்டு எனக்கு விளங்கிட்டுது” என்றான் அபிசன். “ஆறு தரம் கள்ளன்மாதிரித் தனியப் போனவர். இந்தமுறை ஒழுங்கா அனுப்புவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். வாயாலை கேக்கமாட்டார்.”

“பாவம்டா” என்றார் சிறிதேவி அக்கா. “நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லை.”

“பாஸ்டர் ஐயாவுக்கு நல்லா கிராண்டா பண்ணிடலாம்” என்றான் மார்க்கஸ். “ஆனா எங்க அனுப்பறது?”

இடம் தானாக வந்தது. வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து கஜரூபன் என்ற ஒருவர் அழைத்திருந்தார். மூன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள், நடத்த ஆளில்லை, யாராவது வந்து கொஞ்சக் காலம் இருந்தால் நல்லது என்று. அங்கிளிடம் சொல்லாமல் ரயில் சீட்டு எடுத்தார்கள். அங்கே குளிர் கூட என்று கம்பளி உள்ளுடுப்பு ஒரு சோடி வாங்கினார்கள். உபவாசமும் இருப்பதென்று முடிவு, இரகசியமாக. அனுப்புகிற ஞாயிற்றுக்கு முன்னைய ஞாயிறு மத்தியானமும், நடுவில் புதன்கிழமைக் கூட்டத்திலும் யாரும் ஒன்றும் தொடுவதில்லை. எல்லோரிடமும் சொல்லப்பட்டது, அங்கிளையும் அன்ரியையும் தவிர.

அந்த ஞாயிறு அன்ரி புட்டு அவித்துக் கோழிக்கறி காய்ச்சியிருந்தார். கதிரைகளைச் சுற்றிப் போட்டார்கள், யாரும் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை.

“எனக்கு வயிறு சரியில்லை, அன்ரி” என்றான் அபிசன்.

“எனக்கும்தான்” என்றார் சிறிதேவி அக்கா.

“ரெண்டு பேருக்கும் ஒரே வயிறோ?” என்றார் அன்ரி. “நீ சாப்பிடு தம்பி” என்று மார்க்கஸிடம் நீட்டினார்.

மார்க்கஸ் பின்னால் ஒரு அடி வைத்தான். எதையாவது சொல்லவேண்டும் என்ற பதற்றத்தில் வழக்கமாக வருவது வாயில் வந்துவிட்டது. “நீங்க சாப்டீங்களா அம்மா?”

“நான் சமைச்சதைத் தொடாமல் நிண்டுகொண்டு என்னைச் சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறாய், என்ன?”

புதன்கிழமை தேநீரும் அப்படியே ஆறிப்போனது. அன்ரி அதை ஒவ்வொரு கோப்பையாகக் கழுவுத்தொட்டிக்குள் ஊற்றினார். அங்கிள் வாசலில் நின்று பார்த்தார்.

“என்ரை கையிலை என்ன பிழை?” என்றார் அன்ரி.

“உன்ரை கையிலை ஒண்டுமில்லை. சபை உடையுது” என்றார் அங்கிள். “கொரிந்துச் சபையிலையும் சாப்பாட்டிலைதான் தொடங்கினது. முதல்லை ஒண்டாச் சாப்பிடமாட்டினம். பிறகு ஒண்டா இருக்கமாட்டினம். நான் நிண்டதாலைதான் இது. நட்டவன் நிண்டால் இப்பிடித்தான் நடக்கும் எண்டு நான்தானே சொன்னனான்.”

அந்த வாரம் முழுக்க அவர் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. அன்ரி பின்னாளில் சொன்னது: அங்கிள் சோபாவின் ஒரு கரையில் இருந்தபடி, பாடசாலை அறைக்கு மாறியபிறகு இந்தக் கூடத்தில் என்ன வைப்பது என்று கேட்டாராம். சாப்பாட்டு மேசையா, ஒன்றும் வைக்காமல் விடுவதா.

அடுத்த ஞாயிறு எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். தமிழ்ச் சபை நேரத்துக்கு வந்தாலே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பாட்டு முடிந்ததும் அபிசன் கூடத்தின் நடுவில் ஒரு கதிரையை வைத்தான்.

“அங்கிள், இதிலை இருங்கோ.”

அவர் இருந்தார். விசாரணை என்று நினைத்தார் போலும், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக வந்து தலையிலும் தோளிலும் கை வைத்தோம். கை எட்டாதவர்கள் கை வைத்தவர்களின் முதுகில் வைத்தார்கள். சிறிதேவி அக்கா ஜெபித்தார். எங்களுக்கு இந்த மனிதரைத் தந்ததற்காக நன்றி சொன்னார். அங்கிளின் தோள் கையின் கீழே மெல்ல இளகியது. நான் உணர்ந்தேன். பிறகு அக்கா, “உம்முடைய ஊழியனை நாங்கள் துரொண்ட்ஹெய்முக்கு அனுப்பிறம், ஆண்டவரே” என்றார்.

அங்கிள் கண்ணைத் திறந்தார்.

“எங்கை?”

ஜெபத்தின் நடுவில் யாரும் கேள்வி கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அக்கா ஆமென் சொல்லி அவசரமாக முடித்தார். அபிசன் சிரித்த முகத்தோடு ரயில் சீட்டையும் கம்பளி உள்ளுடுப்பையும் மடியில் வைத்தான். மூன்று குடும்பங்கள், கஜரூபன், உபவாசம், அந்தியோக்கியா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அதிகம் பெருமைப்பட்டது உபவாசத்துக்குத்தான்.

அன்ரி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். “அப்ப அந்தக் கோழிக்கறி உபவாசமே? நான் ஒரு கிழமை அழுதனான்.”

அங்கிள் உள்ளுடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். “நல்ல சாமான்” என்றார். பிறகு, “நான் போகேல்லை” என்றார்.

அபிசனுக்கு முகம் சிவந்தது. அவன் இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, மூப்பராகி ஆறு மாதம்.

“அங்கிள், நீங்கள்தானே சொன்னீங்கள். மூப்பரை வைச்சால் நட்டவன் வெளிக்கிடவேணும், நிண்டால் முதலாளியாப் போவான் எண்டு.” அவனை அறியாமல் அது அங்கிளின் குரலிலேயே வந்துவிட்டது, மூக்கோடு. அவன் கேலி செய்யவில்லை. அந்த வசனத்தை வேறு குரலில் சொல்ல எங்களுக்குத் தெரியாது.

“ஓம். சொன்னனான்.”

“அப்ப?”

“அப்ப எனக்குக் கால் இருந்தது” என்றார் அங்கிள். “அபிசன், நான் முதலாளியா நிக்கக் கேக்கேல்லை. பிரசங்கம் வேண்டாம். ஆரும் என்னட்டை வந்து ஒண்டும் கேக்கவேண்டாம். என்னை ஒரு விசுவாசியாச் சேருங்கோ. மாட்டம் எண்டால் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போறன். ஆனா பிறகு எங்கையும் போய் எழும்பி நிண்டு பேர் சொல்ல என்னாலை ஏலாது.”

“அப்ப துரொண்ட்ஹெய்ம்?” என்றார் சிறிதேவி அக்கா. “அவையளுக்கு ஆள் வருவார் எண்டு சொல்லிப்போட்டம், அங்கிள். கதிரை வாங்கி வைச்சிருக்கினமாம்.”

“அனுப்புங்கோ. அனுப்பவேணும். ஆனா அந்தியோக்கியா ஆரை அனுப்பினது எண்டு யோசிச்சனீங்களே? களைச்ச கிழவனையே பாத்து அனுப்பினது? அவையள் அனுப்பினது பவுலையும் பர்னபாவையும். தங்களுக்கு இல்லாமல் ஏலாத ரெண்டு பேரை. அனுப்பிப்போட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் இருந்திருப்பினம்.”

பிரியாவிடைக்கு வாங்கிய கேக் இன்னும் பெட்டிக்குள் இருந்தது. பிறகு மார்க்கஸ் தொண்டையைச் செருமினான்.

“நான் போறேன், பாஸ்டர் ஐயா. என் வேலை எங்கேருந்து வேணா பண்ணலாம். ரூம் மட்டும் பாத்தா போதும்.”

“நீ போனால் கீபோர்ட் ஆர் வாசிக்கிறது?” என்றான் அபிசன் உடனே. “சவுண்டு, வண்டி, பிள்ளையளின்ரை வகுப்பு… மார்க்கஸ் இல்லாமல் எங்களாலை ஏலாது, அங்கிள்.”

“ஓம்” என்றார் அங்கிள் மெதுவாக. “அதுதான்.”

அபிசன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். மார்க்கஸ் சும்மா சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அங்கிள் கதிரையிலிருந்து எழும்பி, மார்க்கஸை அதில் இருத்தினார். நாங்கள் மறுபடி சுற்றி நின்று கை வைத்தோம். இந்த முறை அபிசன் ஜெபித்தான், ஜெபம் நீளவில்லை. உள்ளுடுப்பை அங்கிள் மார்க்கஸிடம் கொடுத்தார். அளவு பெரிது. “அங்கை போய் நல்லாச் சாப்பிடு, பொருந்தும். எங்கடை ஆக்கள் உன்ரை தமிழைக் கேட்டுச் சிரிப்பினம். சிரிச்சால் கிட்ட வந்திட்டினம் எண்டு அர்த்தம், விளங்குதே?”

“சரிங்க பாஸ்டர் ஐயா.”

அதோடு முடிந்தது என்று நினைத்துச் சிலர் கேக் பெட்டியைத் திறக்கப் போனார்கள். சிறிதேவி அக்கா தடுத்தார். விசுவாசியாகச் சேர்கிறவரிடம் மூப்பர் சபைக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கவேண்டும். அது அங்கிளே வைத்த ஒழுங்கு. “அங்கிளுக்கும் அதுதான்” என்றார். அங்கிள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

அபிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். இதுவரை பத்துப் பன்னிரண்டு பேரிடம் இதைக் கேட்டிருப்பான்.

“எங்கை ஞானஸ்நானம் எடுத்தனீங்கள்?”

“வடக்கிலை, கடலிலை. மே மாசம். இன்னும் குளிருது.”

“மூப்பர் ஆக்கள் உங்களைத் திருத்தினால் கேப்பியளோ?”

“முப்பது வரியமா நான் சொன்னதைக் கேக்காத மனிசன் தம்பி, யோசிச்சு எடுங்கோ” என்றார் அன்ரி பின்னாலிருந்து.

“கேப்பன்” என்றார் அங்கிள். “கேட்டபடி செய்வனோ எண்டு அவன் கேக்கேல்லை, உதயம்.”

அபிசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு மூன்றாவதைக் கேட்டான். “இந்தச் சபையிலை நீங்கள் என்ன ஊழியம் செய்வியள்?”

அங்கிள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஒண்டும் செய்யமாட்டன். பிந்தி வருவன், பின்வரிசையிலை சுவரிலை சாஞ்சிருப்பன், பிரசங்கம் நீண்டால் நித்திரை கொள்ளுவன், பாட்டுப் பிழைச்சால் பக்கத்திலை இருக்கிறவரைப் பாத்துச் சிரிப்பன், ஆமென் சொன்ன உடனை கதிரையை அப்பிடியே விட்டிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போவன். முப்பது வரியமா எனக்கு முன்னாலை இருந்து நீங்கள் எல்லாரும் செய்த ஊழியம் அதுதானே தம்பி, அதைப் பாத்துப் பாத்துப் பொறாமைப்பட்டே நான் களைச்சுப்போனன்.”